பெயர் மறந்த படப்புத்தகத்தைத் தேடிக் கண்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

சிறுவயதில் நெஞ்சில் பதிந்த ஒரு படப்புத்தகம் பெரியவரான பிறகு திடீரென்று நினைவுக்கு வரும்போது, பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம் கைபேசியை எடுத்துத் தேடுபொறியில் நான்கு சொற்களைத் தட்டுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்கு நினைவில் இருந்தது ஒரு கழுதை, ஒரு சிறுமி, இரவு நேரத்து மலைப்பாதை, ஒரு லாந்தர் விளக்கு ஆகியவை மட்டுமே; இரண்டு ஆண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு முதலிலிருந்து முறையாகத் தொடங்கியபோது ஏழு வாரங்களில் புத்தகம் கைக்கு வந்தது.

அதன்பின் நண்பர்கள் சிலருக்குத் தேடிக் கொடுத்தபோது, ஏறக்குறைய அனைவரும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள் என்பதைக் கண்டேன். இந்த வேலையில் கருவிகளைக் காட்டிலும் வரிசையே முக்கியம். பின்வரும் படிகளில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படியின் பலன் பாதியாகிவிடும் என்பதால், வரிசையை மாற்றாமல் செல்லவும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அடிக்கோல், யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம். இவற்றோடு, அதிகபட்சம் எவ்வளவு செலவிடுவீர்கள் என்ற தொகையை இப்போதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடவும். புத்தகத்தின் அட்டைப்படத்தைத் திரையில் பார்த்த கணத்தில் நிதானம் போய்விடும். விலையைப் பற்றிய முடிவை அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

1. தேடும் முன் நினைவை எழுதி முடிக்கவும்

இதுவே மிக முக்கியமான படி. ஏறக்குறைய எல்லோரும் தவறவிடுவதும் இதையே. தேடுபொறியைத் திறந்த மாத்திரத்தில் நூற்றுக்கணக்கான அட்டைப்படங்கள் கண்முன் வந்து விழும். அவற்றில் ஒன்றின் நீல வானமும் இன்னொன்றின் சிவப்புத் தொப்பியும் உங்கள் நினைவுக்குள் சத்தமில்லாமல் புகுந்துகொள்ளும். ஒரு வாரம் கழித்து, அந்தத் தொப்பி உங்கள் புத்தகத்தில் இருந்ததா, திரையில் பார்த்ததா என்று உங்களாலேயே பிரித்தறிய முடியாது.

நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருள் போன்றதன்று. பழக்கமில்லாத ஒரு கதையைக் கேட்டவர்கள் அதைத் திரும்பச் சொல்லும்போதெல்லாம் தங்களுக்குப் பழக்கமான விவரங்களைக் கொண்டு அதை மாற்றிக்கொண்டே போவதை உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார். பல ஆண்டுகளாக நாம் நமக்கே சொல்லிக்கொண்ட கதை ஏற்கெனவே மாறித்தான் இருக்கும். அதை மேலும் கலங்கவிடாமல் காப்பதே இந்தப் படியின் நோக்கம்.

எழுதும்போது கதையிலிருந்து தொடங்க வேண்டாம். கண்ணை மூடி ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும். அதில் பொருள்கள் எந்தப் பக்கம் நின்றன, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எழுத்து படத்தின் மேலே இருந்ததா கீழே இருந்ததா, விலங்குகள் உடை அணிந்திருந்தனவா, முகங்களுக்குக் கருப்புக் கோடு இருந்ததா அல்லது வண்ணம் மட்டும் கரைந்திருந்ததா என்பவற்றை எழுதவும். படிக்கத் தெரியாத வயதில் நாம் பார்த்தது படத்தைத்தான்; ஆகவே நம்பத்தகுந்த சாட்சியும் படம்தான்.

நினைவுக்கு வராத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதவும். அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பினால், அந்த ஊகம் பின்னர் உண்மையின் வேடத்தில் திரும்பி வந்து உங்களை அலைக்கழிக்கும்.

2. எழுதியதை மூன்றாகப் பிரிக்கவும்

குறிப்பு முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் அடையாளம் இடவும். கண்ணால் பார்த்ததாக உறுதியாகத் தோன்றுபவை முதல் வகை. கதையாகத் தெரிந்தவை இரண்டாம் வகை. காதால் கேட்டவை, அதாவது யாரோ படித்துக் காட்டியபோது ஒலித்த சொற்களும் பெயர்களும், மூன்றாம் வகை.

இந்தப் பிரிவுக்கு ஒரு காரணம் உண்டு. குழந்தைக்குப் படித்துக் காட்டுபவர்கள் அச்சில் உள்ளதை அப்படியே படிப்பதில்லை. பெயர்களை மாற்றுவார்கள், நீளமான பத்தியைச் சுருக்குவார்கள், தூங்கவைக்க வேண்டிய அவசரத்தில் முடிவையே மாற்றுவார்கள். என் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற வரி வரும் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். அந்த வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடியதிலேயே பல மாதங்கள் போயின. காதால் கேட்டவற்றை எக்காரணம் கொண்டும் முதல் தேடலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

3. வீட்டாரிடம் கேட்கவும், ஆனால் விடையைக் கேள்வியிலேயே வைக்க வேண்டாம்

உங்கள் குறிப்பு எழுதி முடிந்த பிறகே பெற்றோரிடமும் உடன்பிறந்தோரிடமும் பேசவும். "அந்தக் கழுதைப் புத்தகம், பச்சை அட்டை, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆமாம், பச்சை அட்டைதான்" என்றே விடை வரும், அது சாட்சியம் ஆகாது, எதிரொலிதான். "நான் சின்ன வயதில் விடாமல் படிக்கச் சொன்ன புத்தகம் எது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு மௌனமாக இருக்கவும்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கவும். நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தால், உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவாகிவிடும். புத்தகம் எப்படி இருந்தது என்பதைவிட அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத்தான் பெரியவர்களிடமிருந்து பயனுள்ள விடை வரும்: பள்ளியில் பரிசாகக் கிடைத்ததா, நூலகத்தில் எடுத்ததா, வேறு குழந்தையிடமிருந்து வந்த பழைய புத்தகமா? பழைய ஒளிப்படங்களையும் ஒருமுறை புரட்டவும். என் நண்பர் ஒருவரின் தேடல், பிறந்தநாள் படமொன்றின் மூலையில் தரையில் கிடந்த பாதி அட்டையில்தான் முடிந்தது.

4. காலத்தையும் உருவத்தையும் வரையறுக்கவும்

பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவுகள் எஞ்சுவதில்லை. ஆகவே படப்புத்தக நினைவு பொதுவாக அந்த வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். அதைக் கொண்டு ஓர் ஆண்டைக் கணக்கிடவும். ஆனால் அந்த ஆண்டு மேல் எல்லை மட்டுமே. 1984இல் படித்த புத்தகம் 1984க்குப் பிறகு வந்திருக்க முடியாது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு வந்திருக்கலாம். "நான்கு வயதில் படித்தேன், ஆகவே அந்த ஆண்டில் வெளியானது" என்று கீழ் எல்லையையும் சேர்த்து இறுக்குவது மிகப் பரவலான பிழை.

அளவைப் பொறுத்தவரை உங்கள் நினைவை நம்ப வேண்டாம். நான்கு வயது உடலுக்கு எல்லாப் புத்தகமும் பெரிதுதான். மடி நிறைய விரிந்து கிடந்ததாக நான் நினைத்த புத்தகத்தின் உயரம் 21 செ.மீ. ஆனால் வடிவம், அதாவது நெட்டையா, அகலமா, சதுரமா என்பது பெரும்பாலும் சரியாகவே நினைவில் இருக்கும்.

அச்சு முறையும் துப்புக் கொடுக்கும். ஒரு விரிப்பு (எதிரெதிரே திறக்கும் இரண்டு பக்கங்கள்) வண்ணத்திலும் அடுத்த விரிப்பு கருப்பு வெள்ளையிலுமாக மாறி மாறி வந்தது நினைவிருந்தால் அதைக் கட்டாயம் எழுதவும். செலவைக் குறைப்பதற்காகப் பெரிய தாளின் ஒரு புறத்தை மட்டும் பல வண்ணத்தில் அச்சிட்டு மறுபுறத்தைக் கருப்பு மையில் அச்சிட்டதன் விளைவு அது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் புத்தகங்களில் அதிகம் காணப்படுவது. படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் வருவதற்கும் பெரிய தாளை மடித்துப் பக்கத் தொகுதியாக்கும் (ஃபாரம்) முறையே காரணம். உங்கள் நினைவில் உள்ள கதை 32 பக்கங்களுக்குள் அடங்காத அளவுக்கு நீளமென்றால், இரண்டு புத்தகங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றோ, அது ஒரு தொகுப்பிலோ பத்திரிகையிலோ பாடநூலிலோ வந்த கதை என்றோ ஐயப்பட வேண்டும்.

5. நூலகப் பட்டியலில் தேடவும்

இப்போதுதான் கணினியைத் திறக்க வேண்டும். அப்போதும் பொதுத் தேடுபொறியைவிட நூலகப் பட்டியலே முதலிடம் பெற வேண்டும். விற்பனைத் தளங்கள் இன்று விற்பதைக் காட்டுகின்றன. பல நாட்டு நூலகங்களின் இருப்பை ஒன்றாகத் தேடித் தரும் வேர்ல்ட்கேட் போன்ற பட்டியல்களோ, அச்சில் இல்லாதவற்றையும் காட்டுகின்றன.

சிறுவர் நூல்களின் பதிவுகளில் பெரும்பாலும் ஓரிரு வாக்கியக் கதைச் சுருக்கம் இருக்கும். அதை எழுதும் நூலகர் கதாபாத்திரத்தின் செல்லப் பெயரை விட்டுவிட்டு "ஒரு சிறுமியும் அவளுடைய கழுதையும்" என்றே எழுதுவார். ஆகவே பொதுப்பெயர்ச் சொற்களை, பட்டியல் எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியில் கொடுக்கவும். இரண்டு அல்லது மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம். ஐந்து சொற்கள் கொடுத்தால் அவற்றில் ஒன்று தவறாக இருந்தாலும் சரியான புத்தகம் விலகிப் போய்விடும். விளக்கு என்ற சொல்லை நான் நீக்கிய அன்றுதான் எனக்கு முதல் துப்புக் கிடைத்தது. சுருக்கம் எழுதியவருக்கு அந்த விளக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

பதிவில் உள்ள அளவுக் குறிப்பையும் படிக்கவும். பொதுவாக உயரம் மட்டுமே செ.மீ. கணக்கில் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தித் தரப்பட்டிருக்கும். அகலம் உயரத்தைவிட அதிகமென்றால் "21 x 26" என்பதுபோல இரண்டு எண்களும் இருக்கும். அகலவாட்டில் விரிந்த புத்தகம் என்று உறுதியாகத் தெரிந்தால், ஒற்றை எண் உள்ள பதிவுகளைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட பழைய சிறுவர் நூல்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023இல் வந்த தீர்ப்பைத் தொடர்ந்து சுமார் 5 லட்சம் நூல்கள் அதன் இரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அங்கே திறந்து பார்க்க முடியவில்லை என்பதற்காக ஒரு புத்தகத்தைக் கைவிட வேண்டாம்.

6. வேறு மொழிகளிலும் பார்க்கவும்

பல படப்புத்தகங்கள் ஒரே நேரத்தில் பல மொழிப் பதிப்பாளர்களுக்காகச் சேர்த்து அச்சிடப்படுகின்றன. வண்ண அச்சுத் தகடுகள் எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்க, எழுத்துள்ள கருப்புத் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். இதனால் நீங்கள் படித்த மொழியில் ஒரு பிரதிகூடக் கிடைக்காத புத்தகம், அதே படங்களோடு வேறு மொழியில் தாராளமாகக் கிடைக்கலாம்.

தலைப்பை மொழிபெயர்த்துத் தேடுவது பெரும்பாலும் பயன் தராது. மொழிபெயர்ப்பில் முதலில் மாறுவதே தலைப்புதான். ஓவியரின் பெயரைப் பிடித்துக்கொள்ளவும். ஏதேனும் ஒரு பதிவில் உங்கள் புத்தகத்தை ஒத்த ஓவிய நடையைக் கண்டால், அந்த ஓவியர் வரைந்த எல்லா நூல்களையும் வரிசையாகப் பார்க்கவும். ஒரு பக்கத்தின் படம் கையில் இருந்தால், படத்தைக் கொண்டே தேடும் கருவிகளான கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ கொடுத்துப் பார்க்கலாம். நினைவிலிருந்து வரைந்த கிறுக்கலை அவற்றிடம் கொடுத்துப் பலன் கண்டவர் யாரையும் நான் அறியேன்.

7. மற்றவர்களிடம் கேட்கும் முறை

ரெடிட், குட்ரீட்ஸ் போன்ற இணையதளங்களில் மறந்துபோன புத்தகங்களை அடையாளம் காண்பதற்கென்றே குழுக்கள் இயங்குகின்றன. அங்கே எழுதும்போது படித்த ஆண்டு, அப்போதைய வயது, மொழி, வடிவம், உறுதியாகத் தெரிந்த படங்கள், உறுதியில்லாதவை, ஏற்கெனவே பார்த்து ஒதுக்கிய நூல்கள் என்ற வரிசையில் எழுதவும். "அழகான கதை, மனதைத் தொடும்" என்ற வகைச் சொற்கள் யாருக்கும் உதவுவதில்லை. உறுதியில்லாததை அவ்வாறே அடையாளமிட்டால், உதவ வருபவர் அந்த ஒரு விவரத்துக்காகச் சரியான விடையைத் தள்ளிவிட மாட்டார்.

8. கிடைத்தது அதே பதிப்புதானா என்று சரிபார்க்கவும்

தலைப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே வாங்கிவிடுவது இரண்டாவது பெரிய பிழை. ஒரே தலைப்பில் வேறு ஓவியர் வரைந்த பதிப்பு இருக்கலாம். படங்களை ஓரங்களில் வெட்டியிருக்கலாம். தடித்த அட்டைப் பக்கங்கள் கொண்ட மழலைப் பதிப்பில் கதையின் பாதியை நீக்கியிருக்கலாம். பழைய வண்ணங்களைப் புதிதாக மாற்றியிருக்கலாம். தலைப்புச் சரியாக இருந்தும் பக்கங்களைப் புரட்டும்போது அந்நியமாகத் தோன்றுவதற்கு இவையே காரணம்.

நூல்களை அடையாளம் காண அவற்றில் அச்சிடப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணை மட்டும் நம்புவதற்கில்லை. இந்த முறை 1970இல்தான் சர்வதேசத் தரமாயிற்று. அதற்கு முந்தைய பெரும்பாலான நூல்களில் எண்ணே இருக்காது. 2007க்கு முன் எண் பத்து இலக்கமாக இருந்தது, இப்போது பதின்மூன்று. பழைய எண்ணைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது முன்னால் 978 சேர்ப்பதோடு கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் பெரும்பாலும் மாறும் என்பதால், கையால் மாற்றாமல் இணையத்தில் உள்ள மாற்றியைப் பயன்படுத்தவும். கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் மாற்றமில்லாத மறு அச்சுகளுக்கு அதே எண்தான் தொடரும்.

பதிப்புரிமைப் பக்கத்தில் பல ஆண்டுகள் இருந்தால், முதலில் உள்ளது படைப்பு முதன்முதலில் வெளியான ஆண்டாகவே இருக்கக்கூடும். 10 9 8 7 6 5 4 என்பதுபோன்ற எண்வரிசை இருந்தால், எஞ்சியுள்ள மிகச் சிறிய எண்ணே அச்சின் எண். இங்கே அது நான்காம் அச்சு.

9. வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

மூன்று ஒளிப்படங்கள் கேட்கவும்: பதிப்புரிமைப் பக்கம், புத்தகத்தின் நடு விரிப்பு, உங்களுக்கு மிக உறுதியாக நினைவிருக்கும் ஒரு பக்கம். முதலாவது பதிப்பைக் காட்டும். நடுவில் பின் அடித்த புத்தகங்களில் முதலில் கழன்று தொலைவது நடுத்தாள் என்பதால் இரண்டாவது. மூன்றாவது, இது உங்கள் புத்தகம்தானா என்பதற்கு.

பக்கங்களை எண்ணச் சொல்லவும். குழந்தைகள் கையில் இருந்த புத்தகம் முழுமையாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. நூலகத்திலிருந்து கழிக்கப்பட்ட பிரதியில் முத்திரைகளும் ஒட்டிய பையும் இருக்கும். விலை குறைவு, தையல் பெரும்பாலும் உறுதி, படிப்பதற்கு அதுவே போதும். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய தொகையை இப்போது ஒருமுறை பார்க்கவும். தொகை தாண்டினால், நூலகங்களுக்கிடையிலான இரவல் வசதியைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதே நல்லது.

10. வந்த புத்தகத்தை உடனே அலமாரியில் வைக்க வேண்டாம்

பூஞ்சண வாசனையோ பூச்சியின் அரிப்போ இருந்தால் மற்றப் புத்தகங்களிடமிருந்து சில நாட்கள் விலக்கிவைத்துக் காற்றாட விடவும். வெயிலில் காயவைத்தால் வண்ணம் வெளிறும். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் நாடா பழுப்பேறிக் கழன்றுவிடும், பசை மட்டும் தாளுக்குள் ஊறித் தங்கிவிடும்.

11. படிக்கும் முறை

முதல் முறை தனியாகப் படிக்கவும். எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் கடைசிப் பக்கம் வரை பார்க்கவும்; படிக்கத் தெரியாத வயதில் நீங்கள் புத்தகத்துக்குள் நுழைந்த வழி அதுதான். நேரே எழுத்துக்குப் போய்விட்டால், 32 பக்கக் கதையைப் பெரியவருக்குரிய வேகத்தில் நான்கு நிமிடங்களில் படித்து முடித்துவிட்டு, இதற்காகவா இத்தனை தேடினோம் என்று நினைப்பீர்கள். இந்த ஏமாற்றத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்; குறை புத்தகத்தில் இல்லை.

இரண்டாம் முறை எழுத்தோடு படித்து, முதல் படியில் எழுதிய குறிப்பை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையில் இருப்பதை எழுதவும். என் சிறுமியின் கையில் விளக்கு இல்லை. அது கழுதையின் கழுத்தில் தொங்கியது. அட்டை பச்சையில்லை, மங்கிய நீலம். அன்று கண்ணில் படாமல், இன்று உறுத்தும் சித்திரிப்புகளும் தென்படலாம், அவற்றையும் எழுதவும். குழந்தைக்குப் படித்துக் காட்டும் எண்ணம் இருந்தால் இந்தக் குறிப்பு தேவைப்படும். அந்தக் குழந்தை பாதியில் எழுந்து போனால் போகட்டும். அது உங்கள் புத்தகம்.

கடைசியாக, மூன்றாம் வகையில் குறித்தவற்றைச் சரிபார்க்கவும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற வரி என் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. படித்துக் காட்டிய அம்மா, பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் தாமாகச் சேர்த்துச் சொன்னது அது. இப்படி அச்சில் இல்லாத வரி உங்களுக்கும் கிடைத்தால் அதைப் புத்தகத்தின் மீது எழுத வேண்டாம். அமிலமில்லாத தாள் துண்டொன்றில் பென்சிலால் எழுதி, அந்தப் பக்கத்தில் செருகிவைக்கவும். பேனா மை ஈரம் பட்டால் பரவி எதிர்ப் பக்கத்துப் படத்தில் இறங்கிவிடும்.